பவ் ஷாக்: வில்லா, தூசியா, அணியமா?

பாளையங்கோட்டையிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்கான வானியல் கையேட்டில் "விண்மீன்களின் காற்று" என்ற பகுதி வியாழக்கிழமைக்குள் அச்சுக்குப் போக வேண்டும். விண்மீன் காற்று, விண்மீனிடை ஊடகம் என்ற சொற்களில் எனக்குச் சங்கடம் இல்லை. பவ் ஷாக் (bow shock) என்பதற்குத் தமிழ்ச் சொல் வைக்கும் இடத்தில்தான் பேனா நின்றுவிட்டது.

சங்கதி இதுதான். எல்லா விண்மீன்களும் வாயுவை வெளியே வீசிக்கொண்டிருக்கின்றன. சூரியனின் காற்று நொடிக்குச் சுமார் 400 கி.மீ.; பெரிய, வெப்பம் மிகுந்த விண்மீன்களுக்கு 2000 கி.மீ.யைத் தாண்டும். விண்மீன்களுக்கு நடுவே இருப்பதும் வெறுமை அல்ல. சராசரியாக ஒரு கன சென்டிமீட்டருக்கு ஓர் அணு, கூடவே கொஞ்சம் தூசு. விண்மீனே அந்த ஊடகத்துக்குள் வேகமாக ஓடினால், அதன் முன்பக்கத்தில் வாயு குவிந்து ஒரு வளைவாக நிற்கும். அதுதான் பவ் ஷாக். நம் திருவாதிரைக்கு அப்படி ஒன்று இருக்கிறது. ஹெர்ஷல் விண்தொலைநோக்கியின் அகச்சிவப்புப் படத்தில் தெளிவாகவே தெரியும்.

பழைய சொற்பட்டியல் ஒன்றில் "வில் அதிர்ச்சி" என்று போட்டிருக்கிறார்கள். வளைவைப் பார்த்தால் பொருத்தம் போலவே இருக்கிறது, அதுதான் தொல்லை. அந்த "பவ்" அம்பு எய்கிற வில் அல்ல, கப்பலின் முன்முனை. என்ன போடலாம்?

அம்பாசமுத்திரத்திலிருந்து:

அம்மா, நல்ல கேள்வி. முன்னால் போய் எதிரியை முதலில் மோதும் படைக்குத் தமிழில் தூசி என்று பெயர். தூசிப்படை. ஊடகத்தை முதலில் மோதுவதும் அதே வேலைதானே? ஆகவே "தூசி அதிர்வு". அதிர்ச்சி வேண்டாம், அது மனத்துக்கு வருவது.

இன்னொன்று, காற்று என்று ஏன் எழுத வேண்டும்? "விசும்பு தைவரு வளி" என்று புறநானூற்றின் இரண்டாம் பாட்டு சொல்கிறது. விசும்பைத் தடவி வருகிற வளி! விண்மீன் வளி என்றால் சொல்லும் பொருளும் சேர்ந்து நிற்கும். வாடை, கொண்டல், தென்றல், கோடை என்று திசைக்கு ஒரு பெயர் வைத்தவர்கள் விண்மீனுக்கும் ஒன்று வைக்கலாம்.

பணகுடியிலிருந்து:

ஐயா, தூசி என்று எழுதினால் எந்தப் பிள்ளையும் படையை நினைக்காது. அதிலும் இங்கே நிஜமான தூசு இருக்கிறது. அகச்சிவப்பில் அந்த வளைவு ஒளிர்வதே சூடேறிய தூசினால்தான். இரண்டையும் ஒரே பத்தியில் எழுதிப் பாருங்கள்.

வளியிலும் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிறதை இங்கே யாரும் வளி என்பதில்லை. நான் காற்றாலையில் வேலை பார்ப்பவன். காற்று என்றால் எனக்குத் தள்ளு. இந்தப் பாடத்துக்கும் உயிர் அதில்தான் இருக்கிறது: அடர்த்தியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் வருகிற அழுத்தம். விண்மீனை விட்டு விலக விலக, தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் காற்றின் அடர்த்தி குறைகிறது. அதன் தள்ளும் எதிரே வருகிற ஊடகத்தின் தள்ளும் எங்கே சமமாகிறதோ, அந்த இடத்தை ஒட்டித்தான் இந்த வளைவு நிற்கும். காற்று என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். பவ் ஷாக்குக்கு "முகப்பு அதிர்ச்சி" போதும்.

உவரியிலிருந்து:

டீச்சர், கப்பலின் முன்முனைக்குச் சொல் தேடி எங்கும் போக வேண்டாம். எங்கள் கரையில் அது அணியம். கட்டுமரமானாலும் வள்ளமானாலும் அணியம்தான். அணிய அதிர்ச்சி. பணகுடி அண்ணாச்சி சொல்கிற முகப்பு வீட்டுக்கும் உண்டு, பேருந்துக்கும் உண்டு. கடலைக் கிழிக்கிறது அணியம் மட்டும்தான்.

அம்பாசமுத்திரத்திலிருந்து:

தம்பி, அணியம் அருமையான சொல். ஆனால் தனித்தமிழில் எழுதுகிறவர்கள் "தயார்" என்பதற்கு அணியம் என்று எழுதுகிறார்களே. அணி என்றால் வரிசை, படைவகுப்பு, நகை. அணிமை என்றால் அருகு. அண் என்ற வேர் நெருங்குதலைக் குறிப்பது. அண்டு, அண்மை, அண்டை எல்லாம் அந்தக் குடும்பம்தான். படகில் கரையை முதலில் அண்டுவது அணியம் என்று கொண்டால் எல்லாம் ஒரே கொடியில் வந்துவிடும். "அண்ணதிர்வு" என்று சுருக்கலாமா என்றும் யோசிக்கிறேன்.

பாளையங்கோட்டையிலிருந்து:

ஐயா, அண்ணதிர்வு வேண்டாம், சத்தமாகப் படித்தால் அண்ணன் அதிர்ந்தது போல் கேட்கிறது. அதிர்வு என்ற சொல்லையே தவிர்க்க வேண்டும் என்பதற்கு வேறு காரணமும் இருக்கிறது. ஷாக் என்பது ஆட்டம் அல்ல. மெல்லிய ஒரு படலத்துக்குள் வேகம் சட்டென்று விழுகிறது. அடர்த்தியும் வெப்பமும் தாவி ஏறுகின்றன. சூரியக் காற்று அப்படி வேகம் இழக்கும் இடத்தை வாயேஜர் 1 விண்கலம் டிசம்பர் 2004இல் கடந்தது. அப்போது அது இருந்த தூரம், சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தொலைவைப்போல் சுமார் 94 மடங்கு. அதற்கு "முடிவு அதிர்ச்சி" என்று முன் பக்கத்திலேயே எழுதிவிட்டேன். ஆகவே இங்கும் அதிர்ச்சிதான்.

அலை என்றும் போட முடியாது. சூரியனுக்கு முன்னால் இப்படி ஓர் அதிர்ச்சி இருப்பதாகவே வெகுகாலம் நினைத்திருந்தார்கள். ஐபெக்ஸ் விண்கலத்தின் அளவீடுகள் 2012இல் வெளியானபோது, ஊடகத்துக்குள் சூரியனின் வேகம் நொடிக்கு 26 கி.மீ. அல்ல, 23 கி.மீ.தான் என்று கணக்கிட்டார்கள். அந்த வேகத்துக்கு அதிர்ச்சி உண்டாகாது, வெறும் அலைதான் இருக்கும் என்றார்கள். அதன்மேல் வாதம் இன்னும் இருக்கிறது. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்கு இரண்டு சொல் வேண்டும்.

தென்காசியிலிருந்து:

அப்படியானால் முகப்பு அதிர்ச்சி, முகப்பு அலை. அணியத்தை அடிக்குறிப்பில் கொடுங்கள். புதன்கிழமை ஆகிவிட்டது, இதோடு முடிப்போம்.

பணகுடியிலிருந்து:

சரி.

அம்பாசமுத்திரத்திலிருந்து:

பெரும்பான்மைக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. வளி விஷயத்தில் என் கருத்து மாறவில்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். அப்புறம், எம்82 போன்ற விண்மீன் மண்டலங்களில் (கேலக்ஸி) விண்மீன் வெடிப்புகள் சேர்ந்து மண்டலத்தின் தட்டுக்கு மேலும் கீழும் வாயுவைப் பீய்ச்சி அடிக்கின்றன என்று இதே கையேட்டில் வருகிறதே, அதற்குச் "சூறை" என்று வைக்கலாமா?

பணகுடியிலிருந்து:

சூறை சுழன்று அடிப்பது ஐயா. இது தட்டுக்குச் செங்குத்தாக, நேராக வெளியேறுகிறது. பெருங்காற்று என்று வையுங்கள்.

உவரியிலிருந்து:

முகப்பு எனக்கு ஒப்பவில்லை. நான் எழுதுகிற இடங்களில் அணிய அதிர்ச்சி என்றுதான் எழுதுவேன். டீச்சர், ஒரே ஒரு வேண்டுகோள்: அடிக்குறிப்பில் அணியத்துக்கு "மீனவர் வழக்கு" என்று போடாதீர்கள். "படகின் முன்முனை" என்று பொருள் மட்டும் போடுங்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து:

அப்படியே போட்டுவிட்டேன் தம்பி. பக்கம் அச்சகத்துக்குப் போய்விட்டது. பெருங்காற்று, சூறை வாதத்தைத் தனி இழையில் தொடருங்கள். அந்தப் பகுதி அடுத்த மாதம்தான் அச்சுக்குப் போகிறது.