அண்ணன் சேர்த்த பொம்மைகள், மூணு டிரங்குப் பெட்டி: விற்கலாமா, எப்படி விற்கணும்?

கௌரி_மேற்குமாம்பலம்

வணக்கம். பொம்மை சேகரிப்பு பத்தி எனக்கு எதுவுமே தெரியாது. கேள்வி அசட்டுத்தனமா இருந்தா பொறுத்துக்கோங்க.

அப்பாவும் அம்மாவும் தை பிறந்ததும் மாம்பலம் வீட்டைக் காலி பண்ணிட்டு பெருங்களத்தூர்ல ஒரு சின்ன ஃபிளாட்டுக்குப் போறாங்க. பரண்ல அண்ணன் சேர்த்து வெச்ச பொம்மைங்க இருக்கு. மூணு டிரங்குப் பெட்டி, அது போக அட்டைப் பெட்டிங்க. உள்ளங்கை அளவு கார்தான் அதிகம், எப்படியும் எண்ணூறு தேறும். அதுல பாதி அட்டையிலிருந்து பிரிக்கவே இல்ல. ஒரு பெட்டி நிறைய விரல் நீளத்துக்கு ராணுவ வீரர்கள். ஹீ-மேன் கொஞ்சம்.

அண்ணன் டொரான்டோல இருக்கான். கேட்டா "எனக்கு ஒண்ணும் வேண்டாம், நீயே பாத்து முடிச்சிடு"ங்கறான். ரெண்டு நிமிஷம் கழிச்சு "அந்த மஞ்சள் லாரி இருக்கா?"ன்னு கேக்கறான். அப்பா பழைய பேப்பர்காரரைக் கூப்பிடலாம்ங்கறார். அம்மாவுக்கு வருஷா வருஷம் கொலு பார்க்குல ரோடு போட்டு விட நாலு கார் இருந்தா போதும்.

தெரிஞ்சவங்க மூலமா ஒருத்தர் வந்து பார்த்தார். எல்லாம் சேர்த்து 25,000 தர்றேன்னார். நாங்க யோசிக்கிறோம்னதும், "சரி, ஒரு இருபது மட்டும் இப்ப எடுத்துக்கறேன், ஆயிரம் ரூபா வெச்சுக்கோங்க"ன்னு அவரே பொறுக்கி எடுக்க ஆரம்பிச்சார். அம்மா காபி போட்டுக்கிட்டே அதெல்லாம் வேண்டாம்னுட்டாங்க.

என் சந்தேகம்: 25,000 நியாயமான விலையா? வீரர்கள்ல நிறைய பேர் இடுப்போட ரெண்டா கழண்டு கிடக்காங்க, அதையெல்லாம் தூக்கிப் போட்டுடலாமா? ஹீ-மேன் கால் தொட்டா பிசுபிசுங்குது. சில கார் அடியில வெள்ளையா பூத்திருக்கு. இதையெல்லாம் கழுவிட்டு விக்கறதா, அப்படியே விக்கறதா?

சுபா_அண்ணாநகர்

உங்க அம்மாவுக்கு ஒரு கும்பிடு. அந்த ஆளை மறுபடி உள்ள விடாதீங்க.

லெஸ்னி_பித்தன்

சகோதரி, அவர் சொன்ன 25,000 பெரிய விஷயமில்லை. பொறுக்கி எடுக்க முயன்ற அந்த இருபதுதான் விஷயம். எண்ணூறு கார் இருக்கிற சேகரிப்பில் பெரும்பாலானவை சாதாரண வண்டிகளாகத்தான் இருக்கும். பணம் முழுக்க ஒரு சின்னக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும். தெரிந்தவன் அந்த இருபதை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியை "யோசித்துச் சொல்லுங்கள்" என்று விட்டுவிட்டுப் போவான். வருகிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் நீங்கள் பிரித்து முடிக்கும்வரை ஒரு வண்டிகூட வாசல் தாண்டக் கூடாது.

எப்படிப் பிரிப்பது? காரைத் திருப்பி அடித்தகட்டைப் படியுங்கள். மேலே இருக்கும் பெயின்ட் பளபளப்பு எதையும் சொல்லாது.

"லெஸ்னி, மேட் இன் இங்கிலாந்து" என்றிருந்தால் அது மேட்ச்பாக்ஸ் என்ற பிராண்டின் பழைய கார். லெஸ்னி 1982இல் திவாலானது, ஆகவே அதற்கு முந்தையது. அதிலும் 1969இல் வேகமாக உருளும் "சூப்பர்ஃபாஸ்ட்" சக்கரம் வருவதற்கு முன்னால் செய்த சாதா சக்கர வண்டிகளைத் தனியாக வையுங்கள்.

"நிக்கி டாய்ஸ்" என்றிருந்தால் தனி டப்பாவில் போட்டுவிட்டு எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். இங்கிலாந்தில் டிங்கி என்ற பிராண்டு பொம்மைக் கார் வார்த்த அச்சுகளில் சில கல்கத்தாவுக்கு வந்து, அறுபதுகளின் கடைசியில் அந்தப் பெயரில் வண்டிகள் வெளிவந்தன. வார்ப்பு கொஞ்சம் முரடாக இருக்கும், பெயின்ட் திட்டுத்திட்டாக இருக்கும். வெளிநாட்டுக்காரர்கள் அதற்காகவே தேடுகிறார்கள்.

"லியோ" என்றிருந்தால் எண்பதுகளிலும் தொண்ணூறுகளின் முன்பாதியிலும் இங்கேயே செய்த ஹாட் வீல்ஸ். வி.ஐ.பி. சூட்கேஸ் குடும்பத்து ப்ளோ பிளாஸ்டின் பொம்மைப் பிரிவுதான் லியோ. உங்கள் ஹீ-மேனும் அநேகமாக அதே வீட்டுப் பிள்ளை.

மீதி எல்லாம் சாதா ஹாட் வீல்ஸாக இருக்கும். அதில் தகட்டில் இருக்கும் வருடத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது அந்த வடிவத்தின் காப்புரிமை வருடம், வண்டி செய்த வருடம் இல்லை. "1969" என்று பொறித்த காரை 2009இல் கடையில் வாங்கியிருக்கலாம். இதை வைத்தே விற்கிறவர்களும் ஏமாறுகிறார்கள், வாங்குகிறவர்களும் ஏமாறுகிறார்கள். 2007க்குப் பிந்தைய அட்டைகளில் ரப்பர் டயரும் மினுங்கும் பெயின்ட்டுமாக ஏதாவது கண்ணில் பட்டால், அது "சூப்பர் ட்ரெஷர் ஹன்ட்" என்ற அரிய வகையாக இருக்க வாய்ப்புண்டு. அட்டையைப் பிரிக்காதீர்கள், பிரித்தால் விலை அங்கேயே போயிற்று.

வெள்ளைப் பூப்பு பற்றி: தகடு மட்டும் மேலாக வெளுத்திருந்தால் நம்ம ஊர் ஈரப்பதத்தின் வேலை. உலர்ந்த துணியால் துடைத்தால் போதும், தண்ணீர் வேண்டாம். உடம்பில் வலை வலையாக விரிசல், ஓரம் உப்பல் இருந்தால் கதை வேறு. துத்தநாக வார்ப்பில் ஈயம் கலந்த கோளாறு அது, மருந்து கிடையாது. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய வண்டிகளில்தான் பெரும்பாலும் வரும், உங்களிடம் இருக்காது என்றே நினைக்கிறேன்.

கௌரி_மேற்குமாம்பலம்

இவ்வளவு பொறுமையா எழுதினதுக்கு ரொம்ப நன்றி சார். முதல் டிரங்கை இறக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். லெஸ்னி 41 இருக்கு. லியோ 60 போல. நிக்கி நாலு! அதுல ஒண்ணு பெட்டியோட. அப்பாகிட்ட காட்டினேன். மூர் மார்க்கெட் எரியறதுக்கு முன்னாடி அங்க பழசு விக்கறவர்கிட்ட அண்ணனுக்கு வாங்கிக் கொடுத்ததுன்னு அவருக்கு நல்லா ஞாபகம் இருக்கு. பேப்பர்காரர் பேச்சே இப்ப வீட்ல இல்ல.

ஒண்ணு கேக்க மறந்துட்டேன். பூச்சி வராம இருக்க அம்மா டிரங்குல அந்துருண்டை போட்டு வெச்சிருக்காங்க. பரவாயில்லையா?

லெஸ்னி_பித்தன்

உடனே எடுத்து வெளியே போடுங்கள். அந்துருண்டை ஆவி சில வகைப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும், கார் கண்ணாடி மங்கும், அட்டையில் ஏறின வாசனை லேசில் போகாது. வெயில் படாத இடத்தில் காற்றாட வையுங்கள். அட்டைகளில் ராமபாணப் பூச்சி அரித்த தடம் இருந்தால் அவற்றை மட்டும் பிரித்து வையுங்கள். நிக்கி நான்கையும் துணியால்கூடத் தொட வேண்டாம். அப்பா சொன்னதை ஒரு தாளில் எழுதிக் கூடவே வையுங்கள், வாங்குகிறவர் கேட்பார்.

ஜோ_பெரம்பூர்

அக்கா, வீரர்களைத் தூக்கிப் போட்டுடாதீங்க!! அது ஜி.ஐ. ஜோ பொம்மைங்க, அவங்க உடையல. அந்த பொம்மைக்குள்ள இடுப்புல ஒரு கறுப்பு ரப்பர் வளையம் இருக்கும். மேல் உடம்பையும் காலையும் இழுத்துப் பிடிக்கறது அதுதான். இருபது முப்பது வருஷத்துல ரப்பர் பட்டுனு போயிடும். முதுகுல ஒரே ஒரு ஸ்க்ரூ. வாட்ச் ரிப்பேர் ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் வெச்சு கழட்டுங்க, ரெண்டு பாதியும் பிரியும், கால் நடுவுல இருக்கற கொக்கியில புது வளையத்தை மாட்டி மூடுங்க. வளையத்துக்கு எங்கயும் அலைய வேண்டாம், பிளம்பிங் சாமான் கடையில ஓ-ரிங்னு கேளுங்க. ஒரு வீரரையும் பழைய ரப்பர் துண்டையும் கையில எடுத்துட்டுப் போய் அளவு காட்டுங்க. ஸ்க்ரூவை ரொம்ப முறுக்காதீங்க, பிளாஸ்டிக் வெடிக்கும்.

நிஜமாவே உடைஞ்சது எதுன்னா கட்டைவிரல், அப்புறம் ரெண்டு கால் நடுவுல இருக்கற துண்டு. துப்பாக்கியைக் கையில திணிச்சு திணிச்சு கட்டைவிரல் போயிடும். இந்த ரெண்டும் முழுசா இருக்கறவங்களை ஒரு பக்கம், போனவங்களை ஒரு பக்கம் வைங்க. டிரங்கு அடியில குட்டி குட்டியா துப்பாக்கி, ஹெல்மெட், முதுகுப்பை கிடந்தா பெருக்கித் தள்ளிடாதீங்க. சில சமயம் ஆளை விட அவன் துப்பாக்கிக்குத்தான் கிராக்கி.

இது நம்ம ஃபன்ஸ்கூல் போட்டது, எம்.ஆர்.எஃப். கம்பெனியோடது. 1987ல ஆரம்பிச்சாங்க. அமெரிக்காவுல வராத கலர்ல எல்லாம் இங்க வந்துச்சு, அதனால வெளியூர்க்காரங்களுக்கும் ஒரு கண்ணு உண்டு. ஆனா எல்லாமே தங்கம்னு நினைச்சுடாதீங்க. பின்னாடி வந்த மாடலெல்லாம் அமெரிக்கக் கடைக்காரங்க 2000 வாக்குலயே மொத்தமா வாங்கிட்டுப் போயிட்டாங்க.

ஹீ-மேன் கால் பிசுபிசுப்பு, பிளாஸ்டிக்கை மென்மையா வெக்கற எண்ணெய் வெளிய கசியறது. பாத்திரம் தேய்க்கற லிக்விட் ரெண்டு சொட்டு, வெதுவெதுப்பான தண்ணி, ஈரம் போகத் துடைச்சா போதும். பவுடர் போடாதீங்க. ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம தனித்தனியா வைங்க. திரும்பவும் கசியும், அதை வாங்கறவங்ககிட்ட சொல்லிடுங்க.

கலெக்டர்_கிங்

மேடம் நான் 40,000 தரேன், நாளைக்கே வண்டியோட வரேன். நம்பர் அனுப்புங்க.

நெறியாளர்

விலை கேட்க இது இடமில்லை. விற்பனைக்குத் தனிப் பகுதி இருக்கிறது.

ஜோ_பெரம்பூர்

ராத்திரிக்குள்ள 25 நாப்பது ஆயிடுச்சு பாருங்கக்கா 😄

நங்கநல்லூர்_நாகு

எல்லாரும் எப்படி விற்பது என்றே பேசுகிறீர்கள். விற்கலாமா என்றும்தான் கௌரி கேட்டிருக்கிறார். சொத்து அண்ணனுடையது. "ஒண்ணும் வேண்டாம்" என்று போனில் சொல்வதற்கு அர்த்தமே கிடையாது. எண்ணூறு வண்டியைப் பற்றி மொத்தமாகக் கேட்டால் யாராயிருந்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். மஞ்சள் லாரியைக் கேட்டாரே, அது பதில். பத்துப் பத்தாக வரிசையில் வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள். வேண்டியதில் விரல் வைக்கச் சொல்லுங்கள், ஒரு தேதி வரைக்கும் அவகாசம் கொடுங்கள். அதற்குப் பிறகு நிம்மதியாக விற்கலாம். இல்லையென்றால் அடுத்த தீபாவளிக்கு வந்து "என் நிக்கி கார் எங்கே" என்று நிற்பார், அந்தச் சண்டைக்கு எந்த விலையும் ஈடாகாது. என் மைத்துனர் வீட்டில் ஸ்டாம்ப் ஆல்பத்துக்கு நடந்தது இது, இன்னும் பேச்சுவார்த்தை இல்லை.

பணமும் உங்கள் கைக்கு வரக் கூடாது. அண்ணன் கணக்குக்கோ, அவர் சொன்னால் அப்பா கணக்குக்கோ போகட்டும்.

சுபா_அண்ணாநகர்

நாகு சார் சொல்றது சரி. ஆனா படம் எடுக்கறதை விலைப்பட்டியலுக்கும் சேர்த்தே எடுங்க கௌரி, ரெண்டு தடவை வேலை வேண்டாம். காரோட மேல்பக்கம், அடித்தகடு, ஏதாவது அடி இருந்தா அது. எல்லாம் பகல் வெளிச்சத்துல.

நான் போன வருஷம் என் வீட்டுக்காரர் சேகரிப்புல பாதியைக் கொடுத்தேன், அதனால சொல்றேன். ஆன்லைன்ல ஒருத்தர் கேக்கற விலையைப் பாக்காதீங்க, வித்து முடிஞ்சது எவ்வளவுக்குன்னு பாருங்க. ஈபேல வித்து முடிஞ்சதை மட்டும் வடிகட்டிப் பாக்கலாம். இந்தியாவுக்குள்ள அந்த விலை வராது, ஆனா எது எதைவிட ஒசத்தின்னு புரியும்.

சாதா ஹாட் வீல்ஸை ஒண்ணொண்ணா விக்க உக்காந்தா வயசாயிடும். புதுசே கடையில இருநூறு ரூபாய்க்குள்ள கிடைக்குது. அதை இருபது இருபதா லாட் கட்டுங்க. ஒவ்வொரு லாட்லயும் ஆசைப்படற மாதிரி ரெண்டு வண்டி இருக்கட்டும், இல்லேன்னா கடைசியில வெறும் சக்கை உங்க தலையில நிக்கும். லியோ, லெஸ்னி எல்லாம் சேகரிக்கறவங்க வாட்ஸ்அப் குரூப்ல கிளெய்ம் சேல் போடுங்க: படம், விலை, முதல்ல "டேக்கன்" போட்டவருக்கு. குரூப்ல உங்களைத் தெரியாதுங்கறதால முதல்ல கொஞ்சம் தயங்குவாங்க, பழைய மெம்பர் ஒருத்தர் இவங்களை நம்பலாம்னு உங்களுக்காகச் சொன்னா சரியாயிடும்.

பணம் வாங்கறதுக்கு க்யூஆர் ஸ்கேன் பண்ணணும், பின் போடணும்னு எவன் சொன்னாலும் போனை வெச்சிடுங்க. யுபிஐல பணம் வர்றதுக்கு பின் தேவையே இல்ல. "ராணுவத்துல இருக்கேன், முன்பணம் அனுப்பறேன்"னு எனக்கே வந்தது. நேர்ல கொடுக்கறதுன்னா வீட்டு விலாசம் வேண்டாம், அசோக் நகர் மெட்ரோ வாசல் போதும்.

திருவல்லிக்கேணி_தாத்தா

மிச்சத்தை அனாதை இல்லத்துக்குக் கொடுக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். கொடுங்கள் அம்மா, ஆனால் பார்த்துக் கொடுங்கள். அந்தக் காலத்துப் பெயின்ட்டில் ஈயம் இருக்கும், குழந்தை வாயில் வைக்கும். பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்று வந்ததே 2021இல்தான். சமீபத்து வண்டிகளில் பெரிய பிள்ளைகளுக்கு ஏற்றதை மட்டும் கொடுக்கலாம். மூர் மார்க்கெட் காலத்துச் சாமான் குழந்தைக்கு வேண்டாம். பாவம், 85 மே மாதம் அது எரிந்தபோது இப்படி எத்தனை நிக்கி போயிற்றோ.

கௌரி_மேற்குமாம்பலம்

எல்லாருக்கும் நன்றி. நாகு சார் சொன்ன மாதிரி படம் அனுப்பினேன். ஒண்ணும் வேண்டாம்னவன் விடிய விடிய உக்காந்து 63 வண்டியைக் குறிச்சு அனுப்பியிருக்கான். மஞ்சள் லாரி இருக்கு, சக்கரம் ஒண்ணு இல்ல. அது அடியில எந்தப் பேரும் கிடையாது, லெஸ்னி சார் படத்தைப் பார்த்து அஞ்சு பைசா பெறாதுன்னுட்டார். நிக்கி நாலுல மூணு அவனுக்கு வேணுமாம். பெட்டியோட இருக்கறதை வித்துடச் சொல்லிட்டான், "எனக்கு அதை ஓட்டவே விடல, அப்பா பெட்டிக்குள்ளயே வெச்சுட்டார்"ங்கறான். அப்பா அதைக் கேட்டு ஒண்ணும் சொல்லல.

வீரர்கள்ல கட்டைவிரல் முழுசா இருக்கறவங்களுக்கு வளையம் மாட்டியாச்சு. கொலு பார்க்குக்கு அம்மா நாலு கேட்டு முப்பது எடுத்துட்டாங்க, ஒரு ஆம்புலன்ஸ் உட்பட.

நிக்கிக்கு பர்மிங்ஹாம்ல ஒருத்தரும் அமெரிக்காவுல ஒருத்தரும் கேக்கறாங்க. அமெரிக்காக்காரர் கொஞ்சம் அதிகம் தர்றேங்கறார். யாருக்குக் கொடுக்க?

லெஸ்னி_பித்தன்

2025 ஆகஸ்ட் 29லிருந்து அமெரிக்காவில் 800 டாலருக்கு உட்பட்ட பார்சலுக்கு இருந்த வரிவிலக்கு போய்விட்டது. வரி தன் பொறுப்பு என்று அவர் எழுத்தில் ஒப்புக்கொண்டால் பார்க்கலாம், இல்லையென்றால் பர்மிங்ஹாமுக்கே கொடுங்கள். அங்கேயும் வரி இருக்கும், முதலிலேயே பேசிவிடுங்கள். முழுப் பணமும் வந்த பிறகு அனுப்புங்கள்.

காரைப் பெட்டிக்குள் வைத்து அனுப்பாதீர்கள். ஆடி ஆடிப் பெட்டியின் மூடி மடிப்பைக் கிழித்துவிடும். காரை அமிலமில்லாத டிஷ்யூவில் தனியாகச் சுற்றுங்கள். காலிப் பெட்டிக்குள் டிஷ்யூவை லேசாக அடைத்து இரண்டு அட்டைக்கு நடுவில் வையுங்கள், இரண்டையும் ஒரே பார்சலில் போடுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். கட்டுவதிலிருந்து தபால் கவுன்டரில் எடை போடுவது வரை வெட்டாமல் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.