செக் நோயாளி ‘நொ’ என்றால் ஆமா, இல்லையா?

வெண்ணங்கி: செக் நாட்டில் ஆங்கிலவழியில் மருத்துவம் படிப்போருக்குச் செக் மொழி வீண் சுமை என்றும், ஆம், இல்லை என்று பதில் வரும் இருபது கேள்விகளை உருப்போட்டால் போதும் என்றும் பிர்னோவாசி நேற்று எழுதியதைப் படித்த பின் வாளாவிருக்க இயலவில்லை. வகுப்பு மட்டும்தான் ஆங்கிலம். படுக்கையில் இருப்பவர் பேசுவது செக். பென்சிலின் ஒவ்வாமை உண்டா என்று முதியவர் ஒருவரிடம் இப்படி உருப்போட்டுத்தான் கேட்டேன். அவர் சன்னலைப் பார்த்தபடியே ‘நொ’ என்றார். நான் ‘இல்லை’ என்று எழுதிக்கொண்டேன். பேச்சுவழக்கில் ‘நொ’ என்பது ஆமோதிப்பு, ‘நெ’ என்பதே மறுப்பு என்பதைச் செவிலியர் சொல்லித்தான் அறிந்தேன்.

பிர்னோவாசி: ‘நொ’ ஆம் அன்று, ‘அது வந்து’ என்று நாம் இழுப்பதைப் போன்ற சொல். ஆம் என்பதற்கு ‘அனொ’ இருக்கிறது. குறில் ‘நொ’வை நெடில் ‘நோ’வாகக் கேட்ட காதுக்கு என் இருபது கேள்விகள் பொறுப்பாகா.

வெண்ணங்கி: இழுவையாகவும் வரும், ஆமோதிப்பாகவும் வரும்; எது என்று பிரித்தறியத்தான் மொழி வேண்டும் என்கிறேன். நெஞ்சுவலிக்காரர் ‘பீஹா’ என்றால் குத்துகிறது, ‘பாலீ’ என்றால் எரிகிறது, ‘ஸ்வீரா’ என்றால் இறுக்குகிறது. இறுக்கம் என்றதும் இதயத்தை நினைக்க வேண்டிய நீங்கள், வலி உண்டா இல்லையா என்று மட்டும் கேட்டுவிட்டு எதை எழுதப் போகிறீர்கள்?

பில்சன் பித்தன்: தமிழருக்குச் செக் அவ்வளவு அந்நியமன்று. ‘டொச்சீ ஸெ மி ஹ்லவ’ என்பதில் ‘மி’ என்றால் ‘எனக்கு’, ‘ஹ்லவ’ என்றால் ‘தலை’. எனக்குத் தலை சுற்றுகிறது என்று நாம் சொல்வதேதான். 1348இல் தோன்றிய சார்லஸ் பல்கலைக்கழகத்தில் பயிலும் எங்களுக்கு இது முதலாண்டிலேயே விளங்கிவிட்டது.

பிர்னோவாசி: சார்லஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உங்கள் பில்சன் நகர மருத்துவப்புலம் தொடங்கியது 1945இல், பிர்னோ நகரிலுள்ள எங்கள் மசாரிக் பல்கலைக்கழகமே 1919இல் தொடங்கிவிட்டது. மேலும், ‘பொலீ ம்ஞெ ஹ்லவ’ என்பதில் தலை ‘என்னை’ அல்லவா வலிக்கிறது? உங்கள் தமிழ் உறவு அங்கே எங்கே போயிற்று?

பில்சன் பித்தன்: ஒரு வேற்றுமை மாறினால் உறவு அறுந்துவிடுமா? விளியையும் சேர்த்து அவர்களுக்கு ஏழு, நமக்கு எட்டு. ஏழையே எண்ணத் தெரியாதவர் ஆண்டுக்கணக்குப் பார்க்க வந்துவிட்டார்.

வெண்ணங்கி: இருவரும் ‘நொ’வை விட்டு எங்கோ போய்விட்டீர்கள். பிர்னோவாசி இன்னும் பதில் சொல்லவில்லை: அந்த முதியவர் சொன்னது ஆமா, இல்லையா?

பிர்னோவாசி: இழுவை. சென்ற ஆண்டு என்னிடம் வாங்கிய உடற்கூற்றியல் குறிப்பேட்டைத் திருப்பித் தராதவர் என் பதிலுக்கு இவ்வளவு அவசரப்பட வேண்டியதில்லை. ‘அனொ அல்லது நெ என்று மட்டும் பதில் கூறவும்’ என்ற வரியைச் செக்கிலேயே எழுதிப் பட்டியலின் தலையில் சேர்த்துவிட்டேன்.

வெண்ணங்கி: அந்த வரியை வாசித்ததும் நோயாளி ‘நொ’ என்றுதான் தலையாட்டுவார், நண்பரே.

பிர்னோவாசி: ‘நொ’ ஆம் அன்று. குறிப்பேடு எப்போது வரும்?