மகம் நட்சத்திரத்துக்குச் சின்னதா ஒரு பெண் பெயர் சொல்லுங்கோ

வணக்கம் உறவுகளே. எங்களுக்குப் பெண் பிள்ளை பிறந்திருக்கிறாள். மகம் நட்சத்திரம் என்பதால் ம, மி, மு, மே, இதில் ஒன்றில்தான் தொடங்க வேண்டும் என்று அப்பம்மா உறுதியாக நிற்கிறா. தகப்பன் பேரே பத்தெழுத்து. இவளுக்காவது இரண்டு, மூன்று எழுத்தில் முடிந்தால் படிவம் நிரப்பச் சுகம்.

எனக்கு விருப்பம் முகில். மேகம் என்ற பொருளில் நல்ல தமிழ்ப் பெயர், ஆனால் ஆம்பிளைப் பிள்ளையின் பேர் மாதிரி இருக்கு என்கிறா மாமி. அதே பொருளில் மேகா இருக்கிறது, அது வடமொழி. மதி எல்லாருக்கும் பிடித்தது. சந்திரன் என்ற பொருளில் குறளிலேயே வருகிறது, அறிவு என்ற பொருள் வடமொழி வழி வந்தது. ஆனால் எங்கள் சொந்தத்திலேயே மதி என்று கூப்பிட ஆட்கள் கூட. கனடாவில் இருக்கிற மச்சாள் மியா என்று வைக்கட்டாம். அது ஐரோப்பாவில் மரியாவின் சுருக்கம். எனக்கென்னவோ பூனையைக் கூப்பிடுகிற மாதிரித்தான் கேட்கிறது!

மகிழ், மிளிர் என்று பிள்ளைக்கு வைத்தவர்கள் இருக்கிறீர்களா? மகிழில் வருகிற ழகரத்தை பாஸ்போட்டில் ஆங்கிலத்தில் எப்படி எழுதினீர்கள்? வெளிநாட்டில் இருப்பவர்கள் எப்படி உச்சரிக்கிறார்கள்?

பிறந்த முப்பத்தொராம் நாளுக்குப் பேர் வைக்க வேண்டும், இங்கே இலங்கையில் பிறப்புப் பதிவுக்கும் 42 நாள்தான் தவணை. வேறு பெயர் தெரிந்தால் பொருளோடும், எந்த மொழி என்றும் சேர்த்து எழுதுங்கோ.