விடுதிப் பிள்ளைகளின் சுபாவத்தை எப்படிக் குறித்து வைப்பது?

ஊட்டி வார்டன்:
ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளைப் பற்றி ஆளுக்கொரு பக்கம் எழுதி வகுப்பாசிரியரிடம் தரணும். பழைய நோட்டில் 'சாது', 'முரடு', 'அழுத்தக்காரி' என்று ஒற்றை வார்த்தைதான் இருக்கிறது. அதை வைத்து ஒரு பிள்ளையை எப்படி நடத்துவது? எதைக் கவனித்து எழுதணும்?

கோத்தகிரி ஆலோசகர்:
சார், மனநல மருத்துவர்களான அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் இருவரும் 1956-ல் நியூயார்க்கில் தொடங்கிய ஆய்வு சுபாவத்தை ஒன்பது கூறுகளாகப் பிரித்தது. விடுதிக்கு அதில் நான்கு போதும். புது ஆள், புது இடம் என்றால் நெருங்குகிறதா, விலகுகிறதா? மாற்றத்துக்குப் பழக எத்தனை நாள் ஆகிறது? சிரிப்போ கோபமோ எவ்வளவு தீவிரமாக வெளிப்படுகிறது? சத்தம், குளிர், கம்பளித் துணியின் உறுத்தல் எவ்வளவு தாங்குகிறது?

சாப்பாட்டுக் கூடம், படிப்பு நேரம், மைதானம் மூன்றிலும் பாருங்கள். மூன்றிலும் ஒரே மாதிரி இருந்தால் சுபாவம் என்று எழுதலாம். ஓரிடத்தில் மட்டும் என்றால் முதலில் அந்த இடத்தைத்தான் விசாரிக்கணும்.

'கூச்ச சுபாவம்' என்று முடித்துவிடாமல் இப்படி எழுதுங்கள்: "புது விளையாட்டில் முதல் நாள் ஓரமாக நின்று பார்க்கிறாள். மூன்றாம் நாள் தானாகச் சேர்கிறாள். கையைப் பிடித்து இழுத்தால் அழுகிறாள்." என்ன செய்யக்கூடாது என்பதும் ஆசிரியருக்குத் தெரிந்துவிடும்.

கொடைக்கானல் டீச்சர்:
முதல் மாதக் குறிப்பைப் பென்சிலில் எழுதுங்க சார். கீழேயிருந்து வரும் பிள்ளைக்கு ஜூன் சாரலும் குளிரும் தூக்கத்தைக் கெடுக்கும், வீட்டு நினைப்பு வேற. அப்போது 'சிடுமூஞ்சி' என்று எழுதினால் அந்தப் பெயர் வருஷம் முழுக்க ஒட்டிக்கொள்ளும். ஆகஸ்டில் திரும்பப் பார்த்துத் திருத்துங்க.

இன்னொன்று, இதுதான் ரொம்ப முக்கியம். கலகலப்பாக இருந்த பிள்ளை திடீரென்று ஒதுங்கினால் அது சுபாவம் இல்லை. யாராவது கேலி செய்கிறார்களா, அடிக்கிறார்களா, காது சரியாகக் கேட்கிறதா, வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று அன்றைக்கே விசாரிக்கணும்.

ஊட்டி வார்டன்:
நன்றி. எளிதில் பழகுபவர், கடினமானவர், மெதுவாகப் பழகுபவர் என்று மூன்று வகையாகப் பிரித்து எழுதலாமா?

கோத்தகிரி ஆலோசகர்:
வேண்டாம் சார். அந்த ஆய்விலேயே முதல் வகை சுமார் 40 சதவீதம், இரண்டாவது 10, மூன்றாவது 15. மீதி 35 சதவீதம் எதிலும் அடங்கவில்லை. வகைக்குப் பதில் கடைசி வரியில் ஒரு ஏற்பாட்டை எழுதுங்கள். சத்தம் தாங்காத பிள்ளைக்குக் கதவோரக் கட்டில் கூடாது; மெதுவாகப் பழகுகிற பிள்ளைக்கு அறை மாற்றத்தை இரண்டு நாள் முன்பே சொல்லணும்.