4ஆம் லயம் சொந்தங்கள் 🌱 (தோட்டத்து லயன் வீட்டு குரூப், 2025: செவப்பு நோட்டீஸ்)

குமார்: 📷 படம்

குமார்: போன மாசத்து லைட் பில்லுக்கு செவப்பு நோட்டீஸ். 3,786. வரி தனி. வெள்ளிக்கெழமைக்குள்ள கட்டாட்டி வெட்டிருவாங்களாம்

செல்வி அக்கா: எவ்வளவு???

குமார்: ஒரே மீட்டர், மூனு காம்பரா வீட்டுக்கும் சேத்துத்தான். ஆளுக்கு 1,262

லெச்சுமி அத்தை: ஞாயித்துக்கெழமை புள்ளைக்கி சடங்கு. இப்ப போயி வெட்டினா மானம் போயிரும்

செல்வி அக்கா: எங்க வீட்ல ரெண்டு பல்பு ஒரு டீவி. நான் ஏன் 1,262 கட்டனும்

குமார்: பிரிட்ஜ் யாரு வீட்ல இருக்கு

செல்வி அக்கா: தண்ணி காய வைக்கிற ஹீட்டர் கோயில் யாரு வீட்ல இருக்கு

ரமேஷ் கொழும்பு: ஆரம்பிச்சிட்டாங்க 😂

பெக்டரி மாமா: சண்டைய விடுங்க. யூனிட் எத்தன, எத்தன நாள் பில்லு?

குமார்: 126. 30 நாள்

பெரியப்பா: 👍

பெக்டரி மாமா: எல்லாரும் பொறுமையா வாசிங்க. 2025 ஜூன் 12ல 15 வீதம் ஏத்தினாங்கல்ல, அந்தக் கணக்கு இது. மாசம் 60 யூனிட்டுக்குள்ள நின்னா முதல் 30 யூனிட் 4.50படி, அடுத்த 30 யூனிட் 8 ரூபாபடி, நிலைக் கட்டணம் 210. சரியா 60 எரிச்சா 135 + 240 + 210 = 585. ஒரே ஒரு யூனிட் கூடி 61 ஆச்சுன்னா அந்த 4.50உம் 8உம் இல்லாமலே போயிரும். முதல் யூனிட்லருந்தே 12.75. அப்ப 765 + 18.50 + நிலைக் கட்டணம் 400 = 1,183.50. ஒரு யூனிட்டோட வெல 598.50.

பெக்டரி மாமா: இப்ப நம்ம பில்லு. 60 × 12.75 = 765. அடுத்த 30 × 18.50 = 555. அடுத்த 30 × 24 = 720. மிச்சம் 6 × 41 = 246. 120 தாண்டினதால நிலைக் கட்டணம் 1,500. கூட்டிப் பாருங்க, 3,786. 120ல நின்னிருந்தா நிலைக் கட்டணமும் கொறஞ்சு 3,040தான். கடைசி 6 யூனிட்டுக்கு 746 ரூபா.

செல்வி அக்கா: அந்த 6 கோயில்தான்

பெக்டரி மாமா: இன்னும் முடிக்கல. இதே 126ஐ மூனு மீட்டர்ல 42படி பிரிச்சா ஒரு வீட்டுக்கு 135 + 96 + 210 = 441. மூனும் சேத்து 1,323. அவ்வளவுதான். ஒரே மீட்டர்ல மூனு அடுப்பு எரியிறதால பங்களாக்காரன் கட்டணத்துல நாம நிக்கிறோம்

விஜி கெம்பஸ்: 😳 2,463 ரூபா சும்மா போகுது

லெச்சுமி அத்தை: மீட்டர் பாக்கிற தம்பி லேட்டா வந்ததாலதான் கூடிருச்சுன்னு மேல் லயத்துல சொன்னாங்களே

பெக்டரி மாமா: இல்லம்மா. 33 நாள் கழிச்சு வந்தா 60ங்கிற எல்லையும் 66 ஆகும். நாளுக்கு ரெண்டு யூனிட்டுங்கிற கணக்கு. அந்தத் தம்பிய ஏசாதீங்க

மேல் லயம் ராணி: ⏩ முன்னனுப்பப்பட்டது: அஸ்வெசும (அரசாங்க உதவிப் பணம்) எடுக்கிற எல்லாருக்கும் 60 யூனிட் இலவசம்!! அடையாள அட்டை நம்பரப் பதிய இந்த லிங்க அமுக்கவும்

விஜி கெம்பஸ்: யாரும் அமுக்காதீங்க!! கொறஞ்ச கட்டணம் அஸ்வெசும பாத்துக் குடுக்கிறதில்ல. மீட்டர்ல ஓடுற யூனிட்டப் பாத்துத்தான்

மேல் லயம் ராணி: நான் அமுக்கிட்டேன்

விஜி கெம்பஸ்: 🤦 பேங்க் நம்பர் குடுத்தீங்களா?

மேல் லயம் ராணி: பேங்க்ல என்ன இருக்கு குடுக்க

ரமேஷ் கொழும்பு: எல்லாரும் சோலார் போடுங்கப்பா. இங்க எங்க முதலாளி பில்லே கட்றதில்ல

பெக்டரி மாமா: 180க்கு மேல எரிக்கிறவருக்கு அந்த யூனிட் ஒன்னு 61 ரூபா. அவரு போட்டா லாபம். மாசம் 441 கட்டுறவன் கடன் வாங்கிப் போட்டா வட்டிக்கே பத்தாது. கூரையும் தோட்டத்துது, தகரத்துக்குக் கீழ கம்பு உளுத்துக் கெடக்கு

விஜி கெம்பஸ்: அதுமட்டுமில்ல மாமா. 61 ரூபா கட்டுறவங்க காசுலதான் நமக்கு 4.50க்குத் தர முடியுது. அவங்கெல்லாம் கூரையில தகடு மாட்டிக்கிட்டு வெலகினா அந்த ஓட்டைய யாரு அடைக்கிறது? 2030க்குள்ள 70 வீதம் காத்து, வெயில், தண்ணின்னு சொல்றாங்க. நல்லதுதான். போஸ்ட்டும் கம்பியும் பராமரிக்கிற செலவு அப்பிடியேதானே இருக்கும்

ரமேஷ் கொழும்பு: தலவாக்கலையில நம்ம ஆத்த மறிச்சு 150 மெகாவாட் எடுக்கிறாங்க. நமக்கு செவப்பு நோட்டீஸ்

குமார்: சாமி கோயிலுக்கு இந்தியா சோலார் குடுத்திச்சே. அதுலருந்து ஒரு வயர் இழுத்தா?

பெக்டரி மாமா: இழுத்தா கேஸ் வரும். 2025 ஏப்ரல்ல மோடி இலங்கைக்கி வந்து தொடக்கி வச்சது 5,000 வழிபாட்டுத் தலத்துக்கு. மொத்தம் 25 மெகாவாட், அப்ப ஒரு எடத்துக்கு 5 கிலோவாட்தான். அந்த யூனிட் கோயில் கணக்குலதான் வரவாகும். லைன்ல கரண்ட் போனா அந்த சோலாரும் நின்னுரும். லைன்ல வேல செய்றவனுக்கு அடிக்கக் கூடாதுன்னு இன்வேட்டர் தானா நிறுத்திக்கும்

லெச்சுமி அத்தை: நம்ம கோயிலுக்கு ஏன் வரல

செல்வி அக்கா: பேர் குடுத்தாத்தானே வரும். அந்தக் கடதாசி யாரு பெட்டியில தூங்குதுன்னு எல்லாருக்கும் தெரியும்

பெரியப்பா: 🎤 குரல் செய்தி (0:47)

ரமேஷ் கொழும்பு: பெரியப்பா சுவாமி கும்புட்றது மட்டுந்தான் கேக்குது

பெக்டரி மாமா: விசயத்துக்கு வாங்க. குமாரு, கோயில் கணக்கு (சாமி கோயில் இல்ல, ஹீட்டர் கோயில்). 15 லீட்டர் வாளித் தண்ணி இந்தக் குளிர்ல 16 பாகை. 40 ஆக்க 0.42 யூனிட். நாலு பேர் குளிச்சா ஒரு நாளைக்கி 1.7, மாசத்துக்கு 50. செல்விட பழைய பிரிட்ஜ் நாளைக்கி ஒரு யூனிட்டுக்கு மேல, மாசம் 30 - 40. ரெண்டும் சேந்தே 126ல மூனுல ரெண்டு பங்கு. செல்வி, பிரிட்ஜ் கதவு ரப்பர்ல ஒரு கடதாசித் துண்ட வச்சு மூடி இழுத்துப் பாரு. லேசா வந்தா ரப்பர் போயிருச்சு, மெசின் நிக்காம ஓடும்

செல்வி அக்கா: வழுக்கிட்டு வருது

குமார்: கைப்புள்ளைய பச்சத் தண்ணியிலயா குளிப்பாட்றது

பெக்டரி மாமா: புள்ளைக்கி ஒரு வாளி வை. பெரியவங்களுக்கு அடுப்பு இருக்கு, கவ்வாத்துல வெட்டின தேயிலை மிலாறு இருக்கு

குமார்: இந்த மழையில மிலாறு சொதசொதன்னு கெடக்கு மாமா. பொக தாங்க ஏலாது

பெக்டரி மாமா: அடுப்புக்கு மேல பரண்ல ரெண்டு நாள் போடு. இன்னொன்னு. கோயில் போட்டா ட்ரிப் சுவிட்ச் விழுதுன்னியே, இப்ப விழுறதில்லயா?

குமார்: தம்பி வந்து ட்ரிப் சுவிட்ச விட்டுட்டு வயர நேரா ஜொயின் பண்ணி விட்டான். இப்ப விழல

பெக்டரி மாமா: இப்பவே மெயின நிப்பாட்டு. அந்த ஜொயின்ட கழட்டுற வரைக்கும் போடாத. ட்ரிப் சுவிட்ச் 30 மில்லிஅம்பியர் கசிஞ்சாலே விழனும், அதான் அதோட வேல. கோயிலோட ஒறை வெடிச்சு தண்ணிக்கி கரண்ட் எறங்குது, அதனாலதான் விழுந்திச்சு. இப்ப வாளிக்குள்ள கைய விட்டா பிரேதம்தான். கோயில வெட்டி வீசு. புதுசு வாங்கினாலும் பிளக்க கழட்டின பொறகுதான் தண்ணியத் தொடனும்

லெச்சுமி அத்தை: ஐயோ முருகா. குமாரு கேட்டியா

குமார்: நிப்பாட்டிட்டேன்

செல்வி அக்கா: எங்க வீட்லயும் இருட்டாயிருச்சு 😡

பெக்டரி மாமா: அதுக்குத்தான் தனி மீட்டர். வேண்டியது: தோட்டத்துக் கடிதம், ஜீ.எஸ். (கிராம சேவகர்) கையெழுத்து, அடையாள அட்டைப் பிரதி, பக்கத்து வீட்டு கணக்கு நம்பர், வயரிங் சரின்னு லைசன்ஸ் உள்ள எலக்ட்ரீசியன் அறிக்கை. எர்த் கூர் அடிச்சிருக்கனும். அது வரைக்கும் ஒவ்வொரு காம்பராவுக்கும் சப் மீட்டர். பில்லு கொறையாது, யாரு எவ்வளவுன்னு தெரியும். பேஸ், நியூட்ரல் வயர் ரெண்டும் அவங்கவங்க மீட்டர் வழியா போகனும். நியூட்ரல அடுத்த காம்பராவுலருந்து எடுத்தா ரீடிங் பொய், ட்ரிப்பும் சும்மா சும்மா விழும்

குமார்: தோட்டக் கடிதம் லேசுல கெடைக்குமா

விஜி கெம்பஸ்: மூனு வீடும் சேந்து ஒரே பெட்டிசனா குடுங்க. நான் எழுதித் தாறேன், சிங்களத்துலயும்

லெச்சுமி அத்தை: சடங்குக்கு போக்கஸ் லைட் நாலு சொல்லியாச்சு. அது?

பெக்டரி மாமா: மஞ்சளா எரியிற 500 வாட்டா? நாலும் ஆறு மணித்தியாலம் போட்டா 12 யூனிட். 50 வாட் எல்ஈடி கேளும்மா, 1.2தான். பாட்டு செட்ட லயத்து வயர்ல மாட்டாதீங்க, அது தாங்காது

ரமேஷ் கொழும்பு: பாட்டு செட் யாரு? போன தடவ மாதிரி சித்தப்பா மைக்க புடிச்சா நான் வரல

மேல் லயம் ராணி: பாணந்துறை கரண்ட் ஸ்டேசன்ல குரங்கு பாஞ்சப்ப மாதிரி நாட்டுக்கே கரண்ட் போகாம பாத்துக்குங்க 🐒

செல்வி அக்கா: சம்பளம் 10ஆம் திகதி. வெள்ளி எப்பிடி?

குமார்: நான் 1,500 போடுறேன். கோயில் எங்கதுதான்னு ஒத்துக்கிட்டதா நெனைக்காதீங்க

செல்வி அக்கா: நான் 1,000. ரப்பர் மாத்தனும்ல

பெக்டரி மாமா: நாளைக்கி காலையில ஏழு மணிக்கு மீட்டர படம் எடுத்துப் போடுங்க. தெனமும். மூனு வீட்டுக்கும் சேத்து நாளைக்கி நாலு யூனிட்டுக்குள்ள நின்னா 120 தாண்டாது

லெச்சுமி அத்தை: எல்லாம் சரி. மிச்சம் 1,286உம் வரியும் யாரு?

பெரியப்பா: 👍