நாடு கடத்தப்பட்ட பிரிட்டிஷ் சிறுவர்கள்: எங்கே எதிர்ப்பட்டார்கள் உங்களுக்கு?

ஹோபார்ட் வாசி:

2012-ல் அப்பா ஊரிலிருந்து வந்திருந்தார். நாற்பது வருடம் கொத்து வேலை பார்த்தவர். இங்கே ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவில் எதைக் காட்டினாலும் "ம், நல்லா இருக்கு" என்று ஒரே பதில். சரி, பழைய கட்டடமாவது பிடிக்கட்டும் என்று, பிரிட்டன் நாடு கடத்திய கைதிகளை அந்தக் காலத்தில் அடைத்து வைத்திருந்த போர்ட் ஆர்தர் சிறைக்குக் கூட்டிப் போனேன். நுழையும்போது ஆளுக்கொரு சீட்டு கொடுத்தார்கள், ரம்மிச் சீட்டு மாதிரி. அந்தச் சீட்டுக்குரிய கைதி யார், அவன் என்ன ஆனான் என்று உள்ளே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அப்பா அதைப் பார்க்கக்கூட இல்லை, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அங்கே கூரையில்லாத ஒரு தேவாலயம் இருக்கிறது. 1830-களில் கட்டியது; 1884-ல் தீப்பிடித்து, சுவர்கள் மட்டும் மிஞ்சின. அப்பா நேராகப் போய் ஜன்னல் விளிம்பில் கட்டைவிரலை வைத்துத் தடவ ஆரம்பித்துவிட்டார். அலங்காரக் கற்களில் பல, எதிரே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாயிண்ட் பியூரில் அடைத்து வைத்திருந்த பையன்கள் கொத்தியவை என்றார் வழிகாட்டி. நான் தமிழில் சொன்னேன்.

"எத்தனை வயசுப் பசங்க?"

"நெறைய பேருக்குப் பதினாலு, பதினஞ்சுப்பா. ஒன்பது வயசுப் பையன்கூட இருந்திருக்கான்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நான் சித்தாளா சேந்தப்ப பதிமூணு. ஆனா பொழுது சாஞ்சா வீட்டுக்கு வந்துருவேன்" என்றார்.

1834 முதல் 1849 வரை ஏறத்தாழ 3,000 பையன்கள் அங்கே இருந்திருக்கிறார்கள். பியூர் என்றால் லத்தீனில் பையன். அவர்களைத் தனியாக வைத்ததற்கு, பெரிய கைதிகளோடு சேர்ந்து கெட்டுப்போவார்கள் என்பது ஒரு காரணம். இன்னொன்றைச் சொல்ல யாருக்கும் வாய் வராது: கைதிகளை வேலைக்கு எடுத்துக்கொண்ட குடியேறிகளுக்கு, தொழில் தெரியாத பொடிசுகள் வேண்டாம். அதனால் தச்சு, படகு கட்டுவது, செருப்புத் தைப்பது, கல் கொத்துவது என்று பழக்கினார்கள். மீறினால் தனிக்கொட்டடி, ரொட்டியும் தண்ணீரும்.

சென்னைவாசி:

நான் எங்கேயும் போகவில்லை. லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தின் பழைய வழக்குப் பதிவுகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு ராத்திரி தூக்கம் வராமல் புரட்டியபோது, 1783 டிசம்பரில் ஜான் ஹட்சன் அகப்பட்டான்.

வயது என்ன என்று கேட்கிறார்கள். ஒன்பது நடக்கிறது என்கிறான். என்ன தொழில் பழகினாய்? ஒன்றுமில்லை, சில சமயம் புகைபோக்கி சுத்தம் செய்வேன். அப்பா அம்மா? செத்துட்டாங்க. எப்போது? தெரியாது.

அவ்வளவுதான் அவன் பேச்சு. என் பையனுக்கும் அப்போது ஒன்பது நடந்துகொண்டிருந்தது. எழுந்து போய் அவனுக்குப் போர்வையை இழுத்துவிட்டு வந்துதான் மீதியைப் படித்தேன்.

ஒரு வீட்டில் புகுந்து ஒரு சட்டை, ஐந்து பட்டுக் காலுறை, ஒரு கைத்துப்பாக்கி, இரண்டு ஏப்ரன் எடுத்ததாக வழக்கு. வீட்டுக்காரர் சாட்சி சொல்கிறார்: மேசைமேல் கரி அப்பிய சின்னக் கால்விரல் தடங்கள் இருந்தன, ஒரு காகிதத்தை வைத்து அந்தத் தடத்தை அப்படியே எடுத்துக்கொண்டேன் என்று. நீதிபதிக்கும் பையன்மேல் இரக்கம்தான். வெளியே விட்டால் மறுபடி திருடர்கள் கையில் சிக்குவான் என்கிறார். அந்த இரக்கத்தின் விலை ஏழு வருட நாடு கடத்தல்!

முதலில் மெர்க்குரி என்ற கப்பலில் அமெரிக்காவுக்கு அனுப்பப் பார்த்தார்கள். கைதிகள் கலகம் செய்து கப்பலைப் பிடித்தார்கள், பையன் மறுபடி மாட்டினான். பிறகு பிளிமத்தில் டன்கர்க் என்ற பழைய கப்பல், அதுவே மிதக்கும் ஜெயில். 1787-ல் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிய முதல் 11 கப்பல்களில் ஒன்றான ஃப்ரெண்ட்ஷிப்பில் ஏற்றியபோது அவனுக்குப் பன்னிரண்டு, பதிமூன்று வயது இருக்கும். 1790-ல் பசிபிக் கடலில் இருக்கும் நார்ஃபோக் தீவுக்கு மாற்றினார்கள்.

1791 பிப்ரவரியில் அவனுக்கு 50 கசையடி. குற்றம், இரவு ஒன்பது மணிக்கு மேல் குடிசைக்கு வெளியே நின்றது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1783 டிசம்பரோடு ஏழு வருடத்தைக் கூட்டினால் 1790 டிசம்பர். தண்டனைக் காலம் தீர்ந்து இரண்டு மாதம் கழித்து அடி! யாருக்கு எப்போது தண்டனை முடிகிறது என்ற காகிதங்களை லண்டனிலிருந்து கொடுத்தனுப்பாமலே கப்பலை அனுப்பியிருந்தார்கள். அந்தப் புதுக் குடியேற்றத்தின் கவர்னர் ஆர்தர் பிலிப்பிடமே அந்தக் கணக்கு இல்லை. காலுறையை மட்டும் ஒன்று விடாமல் எண்ணியிருக்கிறார்கள்.

ஆஸ்திரேலியாவின் வுல்லங்காங்கிலிருந்து:

எங்கள் ஆபீஸில் ஒரு அம்மா, வயது அறுபதுக்கு மேல். மதியச் சாப்பாட்டு நேரத்தில், "நான் மேரி வேட் வம்சம்" என்றார், ஜமீன் வம்சம் என்பது மாதிரி. மேரி வேட் பதினொரு வயதில், தன்னைவிடச் சின்னப் பெண்ணின் கவுனையும் தொப்பியையும் பிடுங்கியதற்காக 1789-ல் தூக்குத் தண்டனை பெற்றவள். அதை ஆயுளுக்கும் நாடு கடத்தலாக மாற்றி, லேடி ஜூலியானா கப்பலில் அனுப்பினார்கள். 1859-ல் இந்தப் பக்கம்தான் இறந்தாள், அப்போதே பேரன் பேத்தி, கொள்ளுப்பேரன் என்று 300 பேருக்கு மேல். முன்னாள் பிரதமர் கெவின் ரட்கூட அந்த வழிதான்.

"எங்க பாட்டி காலத்துல இதை வெளியே சொல்ல மாட்டாங்க" என்றார் அந்த அம்மா. குடும்பத்தில் கைதி இருந்தால் மறைத்த காலம் அது. இப்போது தேடிப்பிடித்து ஃப்ரேம் போட்டுச் சுவரில் மாட்டுகிறார்கள்.

ஹோபார்ட் வாசி:

ஹட்சன் கதையை அப்பாவிடம் போனில் படித்துக் காட்டினேன். கசையடி, கப்பல் எதையும் அவர் கேட்கவில்லை.

"காகிதத்துல கால் தடம் எடுத்தானே அந்த ஆளு, எத்தனை அங்குலமாம்?"

"அளவு போடலப்பா. சின்னதுன்னு மட்டும் இருக்கு."

"அந்தச் சீட்டு இன்னும் என்கிட்டதான் இருக்கு" என்றார்.