முதல் உலகப்போரில் காணாமல் போன எங்கள் சின்னக் கொள்ளுத்தாத்தாவைத் தேட உதவி வேண்டும்

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீடு புதுச்சேரி முத்தியால்பேட்டை. கொள்ளுத்தாத்தாவோட தம்பி முதல் உலகப்போரில் பிரெஞ்சுப் படைக்குக் கப்பலேறிப் போனவர். திரும்பவே இல்லை, சாவுச் சேதியும் வரலை. நாள் தெரியாததால் ஆடி அமாவாசையில்தான் திதி கொடுக்கிறோம். கடற்கரைச் சாலையில் 1938-ல் திறந்த போர் நினைவுச் சின்னத்தில் ஜூலை 14 அன்று மலர்வளையம் வைக்கும்போது அப்பா தவறாமல் போய் நிற்பார். இப்ப அவருக்கு முடியலை. அவர் இருக்கும்போதே ஒரு விவரமாவது கண்டுபிடிச்சுக் கொடுக்கணும்.

பிரான்ஸ் பாதுகாப்பு அமைச்சகத்தின் 'மெமுவார் தெ ஓம்' தளத்தில், அந்தப் போரில் உயிர்விட்ட 13 லட்சத்துக்கும் மேற்பட்டவங்களோட அட்டைகள் இலவசமா இருக்கு. அதில் தேடியும் கிடைக்கலை. நம்ம பெயரை அந்தக் காலத்து குமாஸ்தா எப்படி எழுதினாரோ!

காணாமல் போனவங்களை நீதிமன்றத் தீர்ப்பு மூலம் இறந்தவரா அறிவிச்சு, அவங்க கடைசியா குடியிருந்த ஊர்ப் பதிவேட்டில் ஏற்றுவது பிரெஞ்சு நடைமுறை. அப்படிப்பட்ட பதிவை நம்ம ஊரிலோ, பிரான்ஸில் இருக்கிற எக்ஸ்-ஆன்-புரொவான்ஸ் ஆவணக் காப்பகத்திலோ தேடி எடுத்தவங்க இருக்கீங்களா? யாருக்கு மனு எழுதணும்?

சொல்தா (பிரெஞ்சுப் படையில் இருந்தவங்க) குடும்பத்துப் பெரியவங்ககிட்டயும் தயவுசெய்து விசாரிங்க. பிரெஞ்சு படிக்கத் தெரிஞ்ச யாராவது கூட உட்கார்ந்து தேட முடிஞ்சா, எந்த நேரமானாலும் நானே தேடி வர்றேன்.